மணிபிளாண்ட் கொடியும் மாணாக்கர் கடமையும்

மலரின் பொருட்டன்றி இலையின் அழகின் பொருட்டே வளர்க்கப்படும் செடிகள் பல, இக்காலத்தில் நம் வீடுகளிலும் விடுதிகளிலும் அலுவலகங்களிலும் இடம்பெற்றுள்ளன. குரோட்டன், கலேடியம், பாம்புச்செடி முதலியன முற்றத்திலும் தாழ்வாரத்திலும் நிற்க, அறைக்குள்ளேயே குடிபுகுந்திருப்பது மணிபிளாண்ட் என வழங்கும் கொடியேயாம். மேசைமேல் ஒரு கண்ணாடிப் புட்டியில், சாளரத்தருகே ஒரு தொட்டியில், நூலகத்தின் படிக்கட்டோரத்தில் என எங்கு நோக்கினும் பச்சையும் பொன்னும் கலந்த இதன் இலைகளைக் காணலாம். எனினும், காணப்படும் கொடிகளுள் நன்கு வாழ்வன சிலவே. பெரும்பாலான கொடிகள் நாலைந்து இலைகளோடு வெளிறி மெலிந்து, சாகாமலும் தழையாமலும் நாட்கழிக்கின்றன. இந்நிலை எற்றால் வந்தது, இதனை மாற்றுவதற்கு நாம் யாது செய்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையிற் கூறப்புகும் பொருளாகும்.

ஒரு சிறு கொடியைப்பற்றிக் கல்லூரி மலரில் இத்துணை விரித்தெழுதுதல் தகுமோ எனச் சிலர் வினவக்கூடும். தகும் என்பதே நம் கருத்து. பெரிய அறங்களைப் பேசுதல் எளிது. நாள்தோறும் ஒரு சிற்றுயிரை மறவாது நோக்குதல் அரிது. கற்பவனிடத்து இவ்விரண்டாவது குணம் வளர்தற்கு, அறையிலுள்ள ஒரு தொட்டி செய்யும் உதவி சிறிதன்று.

கொடியின் பிறப்பிடம்

வளர்ப்பவன் தான் வளர்ப்பதன் வரலாற்றை ஒருவாறேனும் அறிந்திருத்தல் நன்று. மணிபிளாண்ட் நம் நாட்டுக் கொடியன்று. பசிபிக் பெருங்கடலின் நடுவே, தகீதித் தீவுக்கு அணித்தாயுள்ள மூரேயா என்னும் சிறு தீவே இதன் தாயகம் எனத் தாவரநூலார் கூறுவர். இத்தீவு நம் மிஷன் கல்லூரிகளின் வரலாற்றோடு தொடர்புடையதொன்று. லண்டன் மிஷனரி சங்கத்தார் 1797-ஆம் ஆண்டில் தகீதியில் வந்திறங்கினர். 1817-ஆம் ஆண்டில் மூரேயாவில் ஓர் அச்சுக்கூடம் நிறுவினர். அதே சங்கத்தைச் சார்ந்த ரிங்கல்தௌபே போதகர் 1806-ஆம் ஆண்டில் தென்திருவிதாங்கூருக்கு வந்து, மயிலாடியில் பணிசெய்தார். ஆகவே, அக்கொடி பிறந்த தீவும் நம் தென்னாடும் ஒரே சங்கத்தாரின் அடிச்சுவட்டைக் கண்டனவாகும்.

இக்கொடிக்கு நூலோர் இட்ட பெயர்கள் பல. 1880-ஆம் ஆண்டில் இதனைப் போதாஸ் இனத்திற் சேர்த்தனர். பின்னர் சிண்டாப்சஸ் என்றனர். 1964-ஆம் ஆண்டில் எபிப்ரெம்னம் ஆரியம் என்னும் பெயர் இடப்பெற்று, அதுவே இன்று நிலைபெற்றுள்ளது. இத்துணைப் பெயர்மாற்றம் நேர்ந்ததன் காரணம், இக்கொடி பூப்பது மிக அரிதாயிருத்தலேயாம். தாவரங்களைப் பிரித்தறிதற்குப் பூவே முதன்மையான அடையாளம். பூவாத கொடியை எவ்வினத்தில் வைப்பது? பூத்தற்கு இன்றியமையாத ஜிபரெலின் என்னும் ஊக்குநீரை ஆக்கும் ஜீன் இக்கொடியில் செவ்வனே தொழிற்படாமையே பூவாமைக்குக் காரணம் என 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று விளக்கியது. அந்நீரைப் புறத்தேயிருந்து தெளித்தபோது கொடி பூத்தது என்பதும் அதனாற் பெறப்பட்டது.

பூவாத கொடிக்கு விதை ஏது? விதையின்றி உலகெங்கும் இது பரவியது எங்ஙனம்? தண்டைக் கணுவோடு வெட்டி ஒருவர் மற்றொருவர்க்குக் கொடுத்ததனாலேயே. நம் அறையிலுள்ள கொடி, அண்டை வீட்டாரது கொடியின் துண்டு. அது மற்றொருவரது கொடியின் துண்டு. இங்ஙனம் பின்னோக்கிச் சென்றால், கடல்கடந்து வந்த தண்டொன்றில் அவ்வழி முடியும். ஆகவே இக்கொடியின் பரப்பு முழுமையும் மனிதர் கைமாற்றிக் கொடுத்த கொடையின் பரப்பேயாம். இவ்வுண்மையை மனத்துட்கொண்டு மேற்செல்வோமாக.

பொருந்தாக் காரணங்கள் மூன்று

இக்கொடியை வளர்ப்போர் கூறும் காரணங்கள் பெரும்பாலும் மூன்று. அவை மூன்றும் பொருந்தா என்பது நம் துணிபு.

முதலாவது, இஃது இருக்குமிடத்தில் பொருள் சேரும் என்பது. பெயரில் பணம் இருத்தலால் கையிலும் பணம் வரும் என்றெண்ணுதல், பொன்னன் என்னும் பெயருடையானைச் செல்வனென்று கொள்வதனை ஒக்கும். இதனினும் வியப்புக்குரியது யாதெனின், பிறர் வீட்டிலிருந்து அவரறியாமல் திருடிக் கொணர்ந்து வைத்தால்தான் இது நன்கு தழைக்கும் என்று கற்றோரும் நகைத்துக்கொண்டே கூறுவதுதான். கணுவோடு கூடிய தண்டாயின், கேட்டு வாங்கியதும் வேர்விடும்; கேளாது எடுத்ததும் வேர்விடும்; செடிக்கு அவ்வேறுபாடு இல்லை. வேறுபாடு எடுத்தவனிடத்தே உண்டு. கொடையினாலேயே உலகெங்கும் பரவிய ஒரு கொடியைக் களவோடு சேர்த்துப் பேசுதல், அதன் வரலாற்றுக்கே இழுக்கு. சிறிய பொருளில் களவை விளையாட்டென்று பழகிய கை, பெரிய பொருளில் நடுங்குமென்பதற்கு உறுதி யாது?

இரண்டாவது, இக்கொடி அறையின் காற்றைத் தூய்மையாக்கும் என்பது. இக்கூற்று அறிவியலின் பெயரால் வழங்குதலின் சற்று விரிவாக ஆராய்தற்குரியது. 1989-ஆம் ஆண்டில் அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசாவின் சார்பில் வெளிவந்த அறிக்கையொன்று, மூடிய சிறு கூண்டுக்குள் வைக்கப்பட்ட செடிகள் காற்றிலுள்ள சில நச்சாவிகளைக் குறைத்தன என்று தெரிவித்தது. அச்சோதனையில் பிழையில்லை, அதனை நம் அறைகளுக்கு அப்படியே பொருத்தியதே பிழை. கூண்டில் காற்றோட்டம் இல்லை. அறையிலோ கதவும் சாளரமும் உள்ளன. அதுவரை நிகழ்ந்த சோதனைகளையெல்லாம் திரட்டி ஆராய்ந்து 2019-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கட்டுரையொன்றில், சாளரத்தின் வழியே இயல்பாக நிகழும் காற்றுமாற்றத்திற்கு நிகராகச் செடிகள் பயன்பட வேண்டுமாயின், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1000 செடிகள் வரை வேண்டுமெனக் கணக்கிட்டனர். அங்ஙனமாயின் அறையில் கட்டிலுக்கும் இடமில்லை, மாணவனுக்கும் இடமில்லை! தூய காற்று வேண்டுவோன் சாளரத்தைத் திறப்பானாக. செடியை வேறு காரணத்தால் வளர்ப்பானாக.

மூன்றாவது, அறைக்கு அழகு தருமென்பது. அழகு உண்டு, அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின், அழகை மட்டுங் கருதி வைத்தவன் அவ்வழகு குன்றிய நாளில் கொடியைக் குப்பையில் எறிகின்றான். படத்தைச் சுவரிலிருந்து கழற்றுவதற்கும் உயிரைத் தொட்டியிலிருந்து பிடுங்குவதற்கும் வேற்றுமை காணாத கண் அழகைக் கண்ட கண்ணாகாது.

அங்ஙனமாயின் வளர்த்தற்குத் தக்க காரணம் யாது? நம்மை நம்பி நிற்கும் ஓருயிரைக் குறிப்பறிந்து பேணப் பழகுதலே அக்காரணம். காட்டிலுள்ள கொடி தனக்கு வேண்டிய ஒளியைத் தானே தேடிப் படரும். தொட்டியில் வைத்த கொடியோ, நாம் வைத்த இடத்தில் நாம் விட்ட நீரையே உண்டு வாழும். அதனைத் தொட்டிக்குள் கொணர்ந்தவர் நாமே. ஆதலின் அதன் வாழ்வுக்குப் பொறுப்பும் நம்முடையதே.

பேணும் முறை

பேணுதலின் முதற்பாடம் ஒளியைப்பற்றியது. இக்கொடி இருளிலும் வளரும் என்பர் பலர். இருளில் இது நெடுநாள் சாகாதிருக்கும் என்பதே உண்மை. சாகாதிருத்தல் வேறு, வாழ்தல் வேறு. நம் கண் ஒளிக்கேற்பத் தன் பாவையைச் சுருக்கியும் விரித்தும் கொள்ளுதலின், அறையின் நடுவிடமும் சாளரத்தின் ஓரமும் நமக்கு ஏறத்தாழ ஒன்றாகத் தோன்றுகின்றன. செடிக்கோ இரண்டற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. விளக்கேற்றாமல் பகலில் நூல் படிக்கக்கூடிய இடமே கொடிக்கு ஏற்றது. உச்சிவெயில் நேரே படும் இடத்தில் இலை கருகும். கிழக்கு அல்லது வடக்கு நோக்கிய சாளரத்தின் அருகு மிக நன்று. இலையிலுள்ள பொன்வரிகள் மங்கிப் புதிய தளிர்கள் முழுப்பச்சையாய் வருமாயின், ஒளி போதவில்லை என்று கொடி சொல்லுகின்றது என்க.

இரண்டாம் பாடம் நீர். தொட்டிச்செடிகளுள் தாகத்தால் மடிவனவற்றினும் மிகுநீரால் மடிவனவே பல. அன்பு மிக்கவன் நாள்தோறும் நீர் வார்க்கின்றான். மண்ணின் துளைகளிலுள்ள காற்றை நீர் வெளியேற்றுகின்றது. மூச்சுமுட்டிய வேர் அழுகுகின்றது. அழுகிய வேர் நீரை உறிஞ்சாமையால் இலை வாடுகின்றது. வாட்டத்தைக் கண்டவன் மேலும் நீர் வார்க்கின்றான். இங்ஙனம் அன்பே நஞ்சாதல் உண்டு. ஆகவே நீர் வார்க்குமுன் விரலை மண்ணுள் ஓரங்குலம் அழுத்திப் பார்த்தல் வேண்டும். ஈரமுண்டாயின் வாளா இருத்தலே பேணுதல். உலர்ந்திருப்பின், அடித்துளை வழியே நீர் வழியுமளவும் வார்த்து, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுக. கோடையில் இது மூன்று நாட்களுக்கொருமுறையாகலாம். அடைமழைக் காலத்தில் பத்து நாட்களுக்கொருமுறையாகலாம். நாட்காட்டியைப் பார்த்து நீர் விடுவோனினும் மண்ணைத் தொட்டுப் பார்த்து நீர் விடுவோனே கொடியை அறிவான்.

வாடிய இலையைக் கண்டவுடன் முடிவுகட்டுதல் ஆகாது. மண் உலர்ந்து இலை துவண்டால் அது தாகம். நீர் விட்ட சில மணி நேரத்தில் நிமிரும். மண் நனைந்திருந்தும் இலை மஞ்சளித்துத் துவண்டால் அது வேரழுகல். கொடியைத் தொட்டியினின்றும் எடுத்து, கறுத்து மெத்தென்றான வேர்களை வெட்டியெறிந்து, புதுமண்ணில் வைத்தல் வேண்டும். அடியிலுள்ள பழைய இலை ஒன்றிரண்டு மட்டும் பழுத்துதிர்ந்தால் அது இயல்பு. ஒரே வாட்டத்திற்கு மூன்று காரணங்கள். மூன்று காரணங்களுக்கும் மூன்று மருந்துகள். நோய்நாடி நோய்முதல் நாடாது மருந்திடுவோன் மருத்துவனாகான் என்பதை மருத்துவக் கல்லூரி புகுமுன்னரே ஒரு தொட்டி நமக்குக் கற்பிக்கின்றது.

மண்ணுக்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. செம்மண்ணும் மணலும் மட்கிய தொழுவுரமும் ஒத்த அளவிற் கலந்து, தென்னைநார்க் கழிவு கிடைப்பின் அதனையும் சிறிது சேர்த்தால் போதும். தொட்டியின் அடியில் துளை இன்றியமையாதது. அத்துளையை மண் அடைக்காதபடி ஓட்டுச்சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைத்தல் நம் முன்னோர் முறை. மெருகிட்ட பீங்கான் தொட்டியினும் குயவர் வனைந்த மண்தொட்டி நன்று. அதன் நுண்துளைகள் வழியே மிகுந்த ஈரம் வெளியேறும். திங்களுக்கொருமுறை இலையின் இருபுறத்தையும் ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும். தூசி படிந்த இலை, திரையிட்ட சாளரம் போன்றது. துடைக்கும்போதே, கணுவின் இடுக்கில் வெண்பஞ்சு போல ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சி கண்ணிற்பட்டு விடும். சவர்க்கார நீரில் நனைத்த துணியால் அப்பொழுதே அதனை நீக்கிவிடலாம்.

இனி, பலரும் அறியாததொன்று கூறுவோம். நம் மேசைமேல் உள்ளங்கையளவாய்க் காணப்படும் இவ்விலை இக்கொடியின் இளமைக்கால இலையேயாம். பெருமரத்தைப் பற்றி மேலேறும்போது இதே கொடி 20 மீட்டர் உயரமும் எய்தும். இலையும் ஒரு மீட்டர் நீளம்வரை பெருத்து, ஓரங்கள் கிழிந்தாற்போன்ற வேறு வடிவம் கொள்ளும். கீழ்நோக்கித் தொங்கவிட்டாலோ இலை வரவரச் சிறுக்கும். பற்றுக்கோடு பெற்ற கொடி வளர்கின்றது, பெறாதது சிறுக்கின்றது. முல்லைக்குத் தன் தேரையே நல்கிய பாரி வள்ளலின் வரலாற்றைக் கேட்டு, ஒரு கொடிக்குத் தேரா என நகைப்போர் உளர். கொடிக்குப் பற்றுக்கோடு யாதென அறிந்தோர் அங்ஙனம் நகையார். நம்மிடம் தேர் இல்லை. தென்னைநார் சுற்றிய மூங்கிற்கோல் ஒன்று உண்டு. அதனைத் தொட்டியின் நடுவே நாட்டி, நாரை அவ்வப்போது நனைத்து வருவோமாயின், கணுவிலுள்ள வேர்கள் அதனைப் பற்றிக்கொள்ளும்.

கேடு விளையாமற் காத்தல்

இக்கொடியால் விளையக்கூடிய தீங்குகளையும் மறைத்தலாகாது. இது சேம்பு, கருணை முதலியவற்றின் குடும்பத்தைச் சார்ந்தது. கருணைக்கிழங்கை நன்கு வேகவையாது உண்டால் தொண்டை காறுவதை அறிவோம். அக்காறலுக்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் என்னும் ஊசிபோன்ற படிகங்கள் இக்கொடியின் இலையிலும் தண்டிலும் உள. ஆதலின் தவழும் குழந்தைகளுக்கும் பூனை, நாய் முதலியவற்றிற்கும் எட்டாதபடி வைத்தல் வேண்டும். வெட்டியபின் கைகழுவுதலும் வேண்டும்.

இதனினும் கொடியது நீர்ப்புட்டியின் கேடு. மண்ணின்றித் தண்ணீரில் மட்டும் இக்கொடி வாழ்தலால், விடுதி மாணவர் பலரும் இதனைப் புட்டியிலிட்டு வைத்து, நீர் குறையும்போது மேலே நிரப்புவதோடு நின்றுவிடுகின்றனர். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. வீட்டிலுள்ள தெளிந்த நீரையே நாடுகின்றது. புட்டியின் உட்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடுகின்றது. முட்டையானது கொசுவாகப் பறப்பதற்கு ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் போதும். நீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல திங்கள் உயிரோடிருந்து, மீண்டும் நீர்பட்டவுடன் பொரிக்கும். ஆதலின் நீரைக் கொட்டிப் புதுநீர் ஊற்றுதல் மட்டும் போதாது. வாரத்திற்கொருமுறை புட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். இதனைச் செய்ய மனமில்லாதவன் கொடியை மண்ணுக்கு மாற்றிவிடுவானாக. தன் அறையின் அழகுக்காக அடுத்த அறையிலுள்ளவனைக் காய்ச்சலிற் கிடத்துதற்கு எவனுக்கும் உரிமையில்லை.

மூன்றாவது கேடு, வேண்டாத கொடியை வெளியே எறிதல். கணுவொன்று ஈரநிலத்தில் விழுந்தால் போதும். அது வேர்விட்டு, நிலத்தை மூடி, மரத்தின்மேல் ஏறி, கீழுள்ள நாற்றுக்களுக்கு ஒளிவிடாது அமுக்கிவிடும். இலங்கையிலும் ஹவாய்த் தீவுகளிலும் பிற வெப்பநாடுகள் சிலவற்றிலும் இங்ஙனம் காடுகளுள் புகுந்து, அந்நாட்டுச் செடிகளுக்குப் பகையாயிற்று. ஆகவே வெட்டிய தண்டுகளை ஓடையிலும் மலைச்சரிவிலும் தோப்போரத்திலும் எறிதல் கூடாது. வெயிலில் நன்கு உலர்த்திச் சருகானபின் எருக்குழியில் இடுதல் வேண்டும். உற்றார்க்குக் கொடுத்தல் அதனினும் நன்று.

மறுப்பும் விடையும்

இங்குக் கருத்துள்ள மாணவர் சிலர் ஒரு மறுப்புக் கூறுவர். "குடிநீருக்குக் குடம் சுமந்து நடக்கும் மக்கள் நிறைந்த நாட்டில், அழகுக்கொடிக்கு நீர் வார்த்தல் செல்வர் விளையாட்டன்றோ? அயல்நாட்டுக் கொடியைப் பேணும் நேரத்தில் நம் நாட்டு வேம்பும் புங்கும் நட்டால் நிழலாவது கிட்டுமே" என்பர். இம்மறுப்பை எளிதில் தள்ளுதற்கில்லை. வேம்பும் புங்கும் நடுவோரை நாம் வணங்குகின்றோம். மரம் நடத்தக்க நிலமுடையவன் மரமே நடுவானாக.

ஆயினும் இருவிடைகள் உண்டு. விடுதியறையில் வாழ்வோனுக்கு நிலமில்லை; அவனுக்குள்ளது சாளரத்தின் ஓரமே. அவன் தொட்டிக்கு ஒரு வாரத்தில் வேண்டும் நீர் ஒரு செம்புக்குள் அடங்கும். அரிசியும் பயறும் கழுவிய நீரே அதற்குப் போதும். இது முதல் விடை. மரம் நடும் விழாக்களை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். நடும் நாளில் பலர் கூடுகின்றனர், படம் எடுக்கின்றனர், அடுத்த சித்திரையில் அக்கன்றுக்கு நீர் வார்ப்பார் ஒருவரையும் காணோம். நடுதல் ஒருநாட் செயல். வளர்த்தல் பன்னாட் செயல். ஒரு தொட்டியை மூன்றாண்டு மறவாது பேணிய மாணவன் ஊர் திரும்பி நடும் வேம்பு பிழைக்கும் என்று நாம் நம்புகின்றோம். தொட்டியைப் பேண அறியாதவன் நட்ட நூறு கன்றும் பிழையா. இது இரண்டாம் விடை.

வேதாகமத்தில் யோனா தீர்க்கதரிசியின் வரலாற்றை நம்மிற் பலர் அறிவோம். தான் நடாமலும் வளர்க்காமலும் ஓரிரவிலே முளைத்துத் தனக்கு நிழல்தந்த ஆமணக்கு வாடியபோது அவர் மிகவும் சினந்தார். அச்சினம் நிழல் போயிற்றே என்பதனாற் பிறந்ததேயன்றிச் செடியின்மேற் கொண்ட இரக்கத்தினாற் பிறந்ததன்று. பாடுபட்டு வளர்த்தவனுக்கே உண்மையான இரக்கம் உண்டாகும் என்பது அவ்வரலாற்றால் நாம் பெறும் படிப்பினைகளுள் ஒன்று. நற்றிணையிலும், விளையாடும்போது மணலில் அழுத்திய புன்னைவிதை முளைத்தெழ, அதனைப் பாலும் நெய்யும் பெய்து வளர்த்த மகளிர்க்கு, அப்புன்னையைத் தங்கை முறையென்று தாய் கூறியதாக ஒரு செய்தி வருகின்றது. வளர்த்ததனாலன்றோ முறை பிறந்தது!

நாம் வேண்டுவன

முடிவாக, நம் கல்லூரியாரின் எண்ணத்திற்குச் சிலவற்றை வைக்கின்றோம்.

விழாக்களில் வருகைதரும் பெரியோர்க்கு மாலையும் பொன்னாடையும் அணிவிப்பதற்கு மாறாகத் தொட்டிச்செடி கொடுக்கும் வழக்கம் இப்போது பெருகியுள்ளது. எண்ணம் நல்லதே. ஆயின் நெடுந்தொலைவு செல்லும் விருந்தினர் அத்தொட்டியைச் சுமந்துசெல்ல இயலாது மேடையோரத்திலேயே விட்டுச் செல்லுதலும், அது மூன்று நாளில் அங்கேயே உலர்தலும் வழக்கமாகின்றன. கொடுக்குமுன் கொண்டுசெல்வாரா எனக் கேட்டறிதல் வேண்டும். அன்றேல் அவர் பெயரால் ஒரு தொட்டியை நூலகத்தில் வைத்து, அதற்கு ஒரு மாணவனைப் பொறுப்பாக்குதல் சிறந்தது.

கோடை விடுமுறையே விடுதிக் கொடிகளின் இறுதிக்காலமாயிருக்கின்றது. தேர்வு முடிந்தவுடன் பெட்டியும் படுக்கையும் ஊர் செல்கின்றன; தொட்டி மட்டும் பூட்டிய அறைக்குள் அடைபடுகின்றது. எஞ்சியவற்றையெல்லாம் காத்தல் தோட்டப் பணியாளர் தலையில் விழுகின்றது. விளையாட்டுத்திடலுக்கும் பூங்காவுக்கும் நீர் இறைத்துக் களைத்த அவர்கள்மேல் நம் விருப்பத்தின் சுமையையும் ஏற்றுதல் முறையன்று. விடுமுறைக்குமுன் தொட்டிகளைப் படிக்கட்டின் நிழலில் ஒருங்கு வைத்து, உள்ளூர் மாணவர் இருவர் இருவராக முறைவைத்து நீர் வார்ப்பராயின் ஒரு கொடியும் மடியாது. ஊர் செல்வோர் கணுவோடு ஒரு துண்டை உடன்கொண்டு செல்லலாம். ஈரத்துணியிற் சுற்றினால் அது இரண்டு நாள் வாடாது. வீட்டில் நீரிலிட்டால் இரண்டு மூன்று வாரங்களில் வேர்விடும்.

இறுதியாண்டு மாணவர் பிரியும்போது தம் தொட்டியை முதலாண்டு மாணவர் ஒருவர்க்கு அளித்து, நீர் வார்க்கும் முறையையும் சொல்லிச் செல்வாராக. கொடையினாலேயே மூரேயாத் தீவிலிருந்து நம் சாளரம் வரை வந்த கொடிக்கு, கொடையினாலேயே மேலும் செல்லுதல் தகுதியன்றோ? பழைய மாணவர்கள் ஆண்டுதோறும் கல்லூரிக்கு வரும்போது, தாம் விட்டுச்சென்ற கொடி இன்னும் எவர் அறையில் உளதென்று கேட்பராயின், அக்கேள்விக்கு விடைகூறத்தக்க நிலையில் நம் விடுதிகள் இருத்தல் வேண்டும்.

நூல்கள் பல கற்றும் அருகிருப்போன் முகவாட்டத்தை அறியாதிருத்தல் கல்விக்குக் குறை. பேசாத கொடியின் வாட்டத்தைக் கண்டு, அது தாகமோ மிகுநீரோ ஒளிக்குறையோ எனத் தேர்ந்து உதவப் பழகிய கண், பேசத் தயங்கும் தோழனது வாட்டத்தையும் காணத் தவறாது. இப்பழக்கத்திற்கு ஒரு மண்தொட்டியும் ஒரு செம்பு நீரும் நாளொன்றுக்குச் சில நிமிடங்களுமே செலவு. ஆதலின் இவ்வாண்டு அறைக்கொரு கொடி வைப்போமாக. வைத்ததை மறவாது பேணுவோமாக. பேணியதைப் பிறர்க்கும் ஈவோமாக.